கலை வழியே கல்வி: சாந்திநிகேதனம் காட்டிய நெறி

மொழியையே இயல், இசை, நாடகம் என மூன்றாகப் பகுத்து, அம்மூன்றும் கூடியதே தமிழ் என்று கொண்ட மரபு நம்முடையது. படித்தல் வேறு, பாடுதல் வேறு, ஆடுதல் வேறு என்று நம் முன்னோர் வேலி கட்டவில்லை. ஏட்டில் உள்ளது பண்ணில் ஏறியது. பண்ணில் ஏறியது கூத்தரின் மெய்ப்பாட்டில் உருவம் பெற்றது. அதுவே பின் கோயிற் சுவரில் ஓவியமாகவும் தூணில் சிற்பமாகவும் நின்றது. எழுத்தறியாதவரும் கதையறிந்தவராய் வாழ்ந்தது இவ்வாறுதான்.

இந்த ஒருமை நம் கல்விக்கூடங்களில் எப்போது பிரிந்தது, பிரிந்ததை மீண்டும் இணைக்க முயன்றவர் யார், அம்முயற்சி எங்கே வென்றது, எங்கே தளர்ந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பிறந்த மண்ணை விட்டு வந்து தலைநகரில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இது வெறும் ஆராய்ச்சிப் பொருளன்று. பத்தாம் வகுப்பு வந்ததும் பாட்டு வகுப்பை நிறுத்துவதா, தொடர்வதா என்ற கேள்வி ஆண்டுதோறும் நம் வீட்டுக் கூடங்களில் எழுகின்ற கேள்வி அன்றோ?

தேர்வு நடத்தும் பல்கலைக்கழகங்கள்

1857ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் பல்கலைக்கழகங்கள் தோன்றின. இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்ட அவை, தொடக்கத்தில் பாடம் சொல்லும் இடங்களாக இருக்கவில்லை. கல்லூரிகளைத் தம்மோடு இணைத்துக்கொண்டு, தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவதே அவற்றின் முதன்மைப் பணி. தேர்வுத்தாளில் எழுதிக் காட்ட முடிந்ததே கல்வி என்ற எண்ணம் அன்று வேரூன்றியது. இசையையோ நடனத்தையோ தாளில் எழுதிக் காட்ட இயலாது. ஆகவே அவை கல்விக்கு வெளியே நின்றன. ஓவியத்திற்கு அரசு தனிப் பள்ளிகளை வைத்திருந்தது. ஆயினும் அவை பல்கலைக்கழகத்தின் வாசலுக்கு அப்பாலேயே இருந்தன.

பட்டம் பெற்றவர்க்கு அரசுப் பணி கிடைத்தது. அலுவலகக் கோப்புகளோடு வாழும் நாம் அந்தக் கல்வியைப் பழித்துரைப்பது நன்றியாகாது; நம் அடுப்பு எரிவது அதனால்தான். ஆயினும் ஒரு நாட்டின் உயர்கல்வி முழுவதும் அவ்வொரு பயனுக்கே என்று ஆகிவிடும்போது எதை இழக்கிறோம் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அக்கேள்வியை மிக அழுத்தமாகக் கேட்டவர் இரவீந்திரநாத் தாகூர்.

பள்ளியை வெறுத்தவர் கட்டிய பள்ளி

1861ஆம் ஆண்டு பிறந்த தாகூர் இளமையில் பல பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டார்; எதிலும் நிலைக்கவில்லை. இலண்டனில் பல்கலைக்கழகக் கல்லூரியில் சேர்ந்தும் பட்டம் பெறாமலே திரும்பினார். நான்கு சுவருக்குள் அசையாது அமர்ந்திருக்கச் செய்யும் முறையே அவருக்கு ஒவ்வாமற் போயிற்று. 1918இல் அவர் எழுதிய கிளிக்கதை ஒன்று இக்கருத்தைக் கூர்மையாகச் சொல்லும். அரசன் ஒருவன் ஒரு கிளிக்குக் கல்வி புகட்ட ஆணையிடுகிறான். பொற்கூண்டு செய்கிறார்கள், சுவடிகளைக் குவிக்கிறார்கள், மேற்பார்வைக்கு ஆட்களை அமர்த்துகிறார்கள். ஏட்டுத் தாளையே கிளியின் தொண்டையில் திணிக்கிறார்கள். இறுதியில் கிளி இறக்கிறது. கல்வி நிறைவுற்றது என்று அரசனிடம் அறிவிக்கிறார்கள். நூறாண்டு கடந்தும் அக்கதையின் முள் மழுங்கவில்லை.

தாகூரின் தந்தை தேவேந்திரநாத், வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில் பொல்பூர் அருகே 1863இல் இருபது பிகா நிலம் பெற்றுத் தியானத்திற்கென ஓரிடம் அமைத்திருந்தார். அங்கே 1901 டிசம்பர் 22 அன்று ஐந்தே மாணவர்களோடு தாகூர் ஒரு பள்ளியைத் தொடங்கினார். பணமில்லை. அவர்தம் மனைவி மிருணாளினி தேவியின் நகைகள் விற்கப்பட்டன. பூரியில் இருந்த வீடும் விற்கப்பட்டது. அடுத்த ஆண்டே அவ்வம்மையார் மறைந்தார். ஒரு பெண்மணியின் நகைகளின் மேல் நின்ற கல்விக்கூடம் அது என்பதை நாம் மறத்தலாகாது.

மரத்தடியே வகுப்பறை, ஆளுக்கொரு சிறு விரிப்பே இருக்கை. மழை வந்தால் வகுப்புக் கலையும்; ஆனால் மழையே பாடமாகிவிடும். பருவந்தோறும் ஒரு விழா. விழாதோறும் புதுப் பாட்டு. இளவேனிலுக்கு வசந்தோற்சவம், மழைக்கு வர்ஷாமங்கள், 1928 முதல் மரம் நடும் விழா என இயற்கையின் சுழற்சியைப் பாட்டும் ஆட்டமும் வழியே பிள்ளைகள் அறிந்தனர். இலையுதிர்கால விடுமுறைக்கு முன் மாணவர் நடிப்பதற்கென்றே 1908இல் ‘சாரதோற்சவ்’ என்னும் நாடகத்தை அவர் எழுதினார். ஆசிரியரும் மாணவரும் ஒரே மேடையில் நடித்தனர். கவிஞரும் வேடம் புனைந்தார். உரக்கப் பேசிப் பழகிய மொழி நாவிலும் நெஞ்சிலும் ஒருங்கே பதியும் என்பது அவர் கண்ட உண்மை.

சென்னையில் ஒலித்த குரல்

1918 டிசம்பரில் விசுவபாரதிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதற்கடுத்த மாதங்களில், 1919இன் தொடக்கத்தில், தாகூர் தென்னாட்டில் நெடும்பயணம் மேற்கொண்டார். மைசூர், பெங்களூர், மதுரை, திருச்சி, தஞ்சை, கும்பகோணம், சென்னை ஆகிய ஊர்களில் உரையாற்றினார். இந்தியப் பண்பாட்டின் மையம் பற்றிய அவருடைய உரை அவ்வாண்டிலேயே அடையாற்றிலிருந்து நூலாக வெளிவந்தது. இசைக்கும் நுண்கலைக்கும் உயர்கல்வியில் மதிப்பான இடம் வேண்டும், ஒரு நாட்டின் அறிவு நிலையம் அந்நாட்டு மக்களின் வாழ்வோடும் தொழிலோடும் கலந்திருக்க வேண்டும் என்பன அவ்வுரையின் அடிப்படைக் கருத்துகள். விசுவபாரதியின் கொள்கை விளக்கம் ஒன்று தமிழ் மண்ணில் அச்சேறியது நாம் பெருமையோடு நினைக்கத்தக்க செய்தியாகும்.

அதே 1919இல் கலாபவனம் தொடங்கப்பட்டது. முதலில் ஓவியமும் இசையும் அங்கே ஒன்றாகவே கற்பிக்கப்பட்டன. 1933இல் சங்கீதபவனம் தனியே பிரிந்தது. 1921 டிசம்பர் 23 அன்று விசுவபாரதி முறையாக நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பிரான்சு நாட்டு வடமொழி அறிஞர் சில்வான் லெவி முதல் வருகைப் பேராசிரியராக வந்தார். கலை வரலாற்றைக் கற்பிக்க ஸ்டெல்லா கிராம்ரிஷ் அம்மையார் வந்தார். 1922இல் எல்மர்ஸ்ட் என்ற ஆங்கிலேயரின் பொறுப்பில் அருகிலுள்ள சுருல் சிற்றூரில் சிற்றூர்ச் சீரமைப்புப் பணி தொடங்கிற்று. பின்னர் ஸ்ரீநிகேதனம் என்று பெயர் பெற்றது அதுவே. வடமொழி ஆராய்ச்சி, ஓவியம், உழவு மூன்றும் நடந்து செல்லும் தொலைவுக்குள் அமைந்த பல்கலைக்கழகம் அக்காலத்தில் வேறெங்கு இருந்தது?

நந்தலால் போஸ் கற்பித்த முறை

கலாபவனத்தின் உயிர்நாடி நந்தலால் போஸ். 1882இல் பீகாரில் பிறந்து, கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியில் அபனீந்திரநாத் தாகூரிடம் பயின்றவர். அஜந்தாக் குகைகளுக்குச் சென்று அச்சுவரோவியங்களைப் படியெடுத்தவர். 1922இல் கலாபவனத்தின் பொறுப்பை ஏற்று, 1951 வரை அதனை நடத்தினார்.

அவருடைய பயிற்சி முறைக்கு மூன்று கால்கள் உண்டு: இயற்கை, மரபு, தன் ஆக்கம். சப்பானிய அறிஞர் ஒக்காக்குராவிடமிருந்து அவர் பெற்ற கருத்து இது. இயற்கையை மட்டும் பார்ப்பவன் படியெடுப்பவனாகிறான். மரபை மட்டும் பிடிப்பவன் அச்சாகிவிடுகிறான். தன் ஆக்கத்தை மட்டும் நம்புபவன் வேரற்றுப் போகிறான். மூன்றும் கூடும்போதே கலைஞன் பிறக்கிறான். ஓவியத்தை மட்டுமன்றி எக்கல்வியையும் இம்முக்கோணத்தில் வைத்து எண்ணிப் பார்க்கலாம்.

நடைமுறையில் அவர் செய்தவை எளியவை. மாணவர் ஊர்ச் சந்தைக்கும் வயலுக்கும் சந்தாலர் குடியிருப்புக்கும் சென்று கண்டதை வரைய வேண்டும். அவரே கையில் சிறு அட்டைகளை வைத்துக்கொண்டு நாள்தோறும் வரைந்தார். தொலைவில் உள்ள மாணவர்க்கு அஞ்சலட்டையில் படம் வரைந்து அனுப்பினார். செய்யச் சொல்வதைத் தாமும் செய்யும் ஆசிரியருக்கு அதட்டல் தேவைப்படுவதில்லை.

ஊர் மக்களின் கைத்திறமும் அங்கே பாடமாயிற்று. நம் கோலத்திற்கு உடன்பிறப்பான வங்கத்து ‘அல்பனா’வைச் சுகுமாரி தேவி என்னும் அம்மையார் கற்பித்தார். செய்ப்பூர்ச் சுவரோவிய முறையைக் கற்பிக்க 1927இல் நரசிங்கலால் என்ற கைவினைஞர் வரவழைக்கப்பட்டார். மெழுகு பூசித் துணிக்குச் சாயமேற்றும் ‘பாத்திக்’ கலை, தாகூரின் மருமகள் பிரதிமா தேவியின் முயற்சியால் வளர்ந்தது. பட்டம் பெற்ற பேராசிரியருக்கும் கரணை பிடித்த கைவினைஞருக்கும் ஆசிரியர் என்ற ஒரே தகுதி அங்கே கிடைத்தது.

சுவரே ஏடாயிற்று

சில ஆண்டுகளுக்கு முன் விடுப்புப் பயணச் சலுகையில் குடும்பத்தோடு கொல்கத்தா சென்றபோது, பொல்பூருக்கும் சென்று இவற்றை நேரிற் கண்டோம். படித்தறிந்ததை விடக் கண்டறிந்தது பெரிது. அங்கே ‘காலோபாடி’ என்னும் மாணவர் விடுதி ஒன்று உண்டு. கருப்பு வீடு என்பது பொருள். 1930களில் மண்ணால் எழுப்பித் தார் பூசிய அக்கட்டடத்தின் புறச் சுவர் முழுவதும் புடைப்புச் சிற்பங்கள். ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து செய்தவை அவை. பரணிடிய வேண்டிய மண்சுவர், பராமரிக்கும் மாணவர் கைகளால் இன்றும் நிற்கிறது.

இந்தி பவனத்தின் சுவர்களில் 1946, 1947ஆம் ஆண்டுகளில் வினோத் விகாரி முகர்ஜி வரைந்த இடைக்கால அடியார்களின் ஓவியம் அதனினும் வியப்பூட்டுவது. கபீர், சூர்தாசர், துளசிதாசர் என அடியார் பலர் ஆற்றொழுக்குப் போல அச்சுவர்களில் நடக்கின்றனர். நம் ஸ்ரீபெரும்புதூரில் தோன்றிய இராமானுசரும் அவர்களிடையே இருக்கிறார். அடியார் பாடல்களை மாணவர் படிக்கும் கட்டடத்திலேயே அவ்வடியார்கள் நெசவு செய்தும், பாடியும், வழிநடந்தும் காட்சி தருகின்றனர். பக்தி இயக்கம் தெற்கே கிளைத்து வடக்கே படர்ந்த வரலாற்றை எத்தனை பக்கம் எழுதினாலும் இந்தத் தெளிவு வருமோ? முழு அளவு மாதிரிப்படம் எழுதிக்கொள்ளாமல், ஈரச் சாந்தின்மேல் நேரே வரையப்பட்டது அவ்வோவியம். உதவிய மாணவர்களுள் கே. ஜி. சுப்பிரமணியன் ஒருவர்.

இதில் உள்ளத்தை உருக்கும் செய்தி ஒன்றுண்டு. வினோத் விகாரிக்குப் பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வையில்லை. மறு கண்ணிலும் குறை. இத்தகைய சிறுவனை எப்பள்ளி ஏற்கும்? சாந்திநிகேதனம் 1917இல் ஏற்றுக்கொண்டது. அவர் கலாபவனத்தின் முதல் மாணவர் அணியில் ஒருவரானார், பின் ஆசிரியரானார். 1950களின் பிற்பகுதியில் கண் அறுவைக்குப் பின் பார்வை முற்றிலும் போயிற்று. அதன் பிறகும் கலாபவனத்திற்குத் திரும்பிக் கலையைப் பற்றிக் கற்பித்தார்; விரல்களால் தடவித் தாள் வெட்டி ஒட்டிப் படம் செய்தார்; 1972இல் ஓடுகளால் ஒரு சுவர்ச் சித்திரமும் அமைத்தார். அவருடைய மாணவரான சத்தியஜித் ராய் அவ்வாண்டில் ஆசிரியரைப் பற்றி ஒரு குறும்படம் எடுத்தார். தேர்வுத்தாள் ஒன்றையே தகுதியாகக் கொண்டிருந்தால் இம்மனிதர் நமக்குக் கிடைத்திருப்பாரா?

புலம்பெயரும் குடும்பத்தின் சிலை

ராம்கிங்கர் பைஜ் 1906இல் பாங்குராவில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். 1925இல் சாந்திநிகேதனம் வந்தார். வெண்கலம் வாங்கப் பணமில்லை. பளிங்கு வாங்கவும் வழியில்லை. பீர்பூம் மண்ணின் செம்புறைக்கற் சரளையைச் சிமெண்டோடு கலந்து, இரும்புக் கம்பிக் கூட்டின்மேல் அள்ளியப்பி 1938இல் ‘சந்தால் குடும்பம்’ என்ற சிலைத் தொகுதியை உருவாக்கினார். கணவன் தோளில் காவடித்தண்டு. அதன் ஒரு பக்கக் கூடையில் குழந்தை. மனைவியின் தலையில் தட்டுமுட்டுச் சாமான்கள், இடுப்பில் மற்றொரு குழந்தை. உடன் ஓடும் நாய். பிழைப்பைத் தேடி ஊரை விட்டு நடக்கும் குடும்பம் அது.

தகரப் பெட்டியும் படுக்கைச் சுருளுமாக கிராண்ட் டிரங்கு விரைவு வண்டியில் வந்திறங்கிய நம் பெற்றோர் தலைமுறையினரை நினைக்காமல் அச்சிலையின் முன் நிற்க முடியவில்லை. அரசர்க்கும் தெய்வங்களுக்கும் மட்டுமே உரியதாயிருந்த சிலைப்பீடத்தில், கூலி தேடிப் போகும் ஓர் ஏழைக் குடும்பத்தை ஏற்றினார் ராம்கிங்கர். அச்சிலை அருங்காட்சியகத்தில் இல்லை. மாணவர் வகுப்புக்குப் போகும் வழியிலேயே நிற்கிறது. சமூகவியல், பொருளியல், அழகியல் மூன்றும் ஒரே இடத்தில் கற்பிக்கும் ஆசிரியர் அது.

தில்லிவாசிகள் ராம்கிங்கரைக் காணப் பொல்பூர் வரை போக வேண்டியதில்லை. நாடாளுமன்ற வீதியில் ரிசர்வ் வங்கியின் வாயிலில் நிற்கும் யட்சன், யட்சி சிலைகள் அவர் செய்தவை. ஏறத்தாழப் பத்தாண்டு உழைப்பின் பயன். பேருந்துக்கு விரையும் நம்மில் எத்தனை பேர் அவற்றை அண்ணாந்து பார்த்திருக்கிறோம்?

ஆட்டமும் பாட்டும், எதிர்ப்பும்

ஓவியத்தை ஏற்றுக்கொண்ட சமூகம் நடனத்தை எளிதில் ஏற்கவில்லை. 1919இல் சில்கட்டில் மணிப்புரி நடனம் கண்ட தாகூர், அதனைக் கற்பிக்க ஆசிரியரை வரவழைத்தார். முதலில் சிறுவர்க்குத் தாளத்தோடு கூடிய உடற்பயிற்சி போலவே அது அறிமுகமாயிற்று. 1926இல் ‘நடீர் பூஜா’ நாடகத்தில் நந்தலாலின் மகள் கௌரி நடன மங்கையாக ஆடினார். மறு ஆண்டு கல்கத்தாவில் அது மேடையேறியபோது, குடும்பப் பெண்கள் பொதுமேடையில் ஆடுவதா என்ற முணுமுணுப்பு எழும் என்றறிந்த தாகூர், பெண்கள் மட்டுமே நடித்த அந்நாடகத்தில் உபாலி என்ற பிக்குவின் வேடத்தைப் புதிதாகச் சேர்த்துத் தாமே மேடையேறினார். மாணவியர்மேல் விழவிருந்த சொல்லம்பைத் தம் மார்பில் ஏற்ற ஆசிரியர் அவர்.

தமிழகத்திலும் அப்போராட்டம் அதே காலத்தில் நடந்தது. 1935இல் ருக்மிணி தேவி அடையாற்றில் பரதம் ஆடியதும், 1936இல் கலாக்ஷேத்திரம் தோன்றியதும் நாம் அறிந்தவை. அதற்கு முன்பே, 1929இல், சிதம்பரத்தில் இராஜா அண்ணாமலை செட்டியார் இசைக் கல்லூரி கண்டார். அவ்வாண்டே அங்கு எழுந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உறுப்பாக அது வளர்ந்து, தமிழிசை இயக்கத்துக்குத் துணை நின்றது. வங்கமும் தமிழகமும் ஒன்றையொன்று நோக்கி நடந்த காலம் அது எனலாம்.

இசையிலும் அவ்வுறவு உண்டு. சென்னையிலிருந்து சாந்திநிகேதனம் சென்று பயின்ற சாவித்திரி என்னும் மாணவி பாடிய கருநாடக இசைக் கிருதிகளைக் கேட்ட தாகூர், அம்மெட்டுகளில் வங்கப் பாடல்கள் இயற்றினார். முத்துசாமி தீட்சிதர் மதுரை மீனாட்சியம்மைமேல் பாடிய கிருதியின் மெட்டு இன்று ஓர் இரவீந்திர சங்கீதமாக வங்க இல்லங்களில் ஒலிக்கிறது. மாணவியிடமிருந்து ஆசிரியர் கற்றுக்கொண்ட பல்கலைக்கழகம் அது.

தலைநகரில் ஒரு காசோலை

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் வரவில்லை என்பதே விடை. நிறுவனத்தின் பற்றாக்குறையை ஈடுகட்ட, மாணவக் குழுவோடு ஊர் ஊராகச் சென்று நாட்டிய நாடகம் நடத்தி நிதி திரட்டினார் தாகூர். 1936 மார்ச்சில் ‘சித்ராங்கதா’வோடு தில்லிக்கு வந்தபோது அவருக்கு வயது எழுபத்து நான்கு, உடல் நலிந்திருந்தது. அப்போது தில்லியில் இருந்த காந்தியடிகள் அந்நிலை கண்டு வருந்தி, பெயர் வெளியிடாத நன்கொடையாளர் வழியே 60,000 ரூபாய்க்குக் காசோலை கிடைக்கச் செய்து, பயணத்தை நிறுத்தும்படி வேண்டிக்கொண்டார். நாம் நாள்தோறும் நடமாடும் இந்நகரில் நிகழ்ந்தது இது. நோபல் பரிசு பெற்ற கவிஞர் ஒருவர் முதுமையில் தம் மாணவரோடு ஊர் சுற்றிக் கையேந்த நேர்ந்தது என்றால், கலையைக் கல்வியென்று ஒப்புக்கொள்ள நாடு எவ்வளவு தயங்கியது என்பது விளங்கும்.

கலாபவனத்தின் பயன் நாட்டுக்குக் கிட்டியபோது தயக்கம் சற்றுக் குறைந்தது. 1938இல் ஹரிபுராவில் கூடிய காங்கிரசு மாநாட்டுக்குக் காந்தியடிகளின் விருப்பப்படி நந்தலால் எண்பதுக்கு மேற்பட்ட படங்களை வரைந்தார். மாணவர் எடுத்த படிகளோடு சேர்த்து ஏறத்தாழ 400 படங்கள் மாநாட்டுத் திடலை அணி செய்தன. உழவரும் தச்சரும் மேளம் கொட்டுவோரும் அவற்றின் தலைவர்கள்.

அரசியலமைப்புச் சட்டத்தின் மூலப்படியை அணி செய்யும் பணியும் நந்தலாலிடமே வந்தது. பிரேம் பிகாரி நாராயண் ராய்ஜாதா அழகிய கையெழுத்தில் எழுதிய ஆங்கில மூலத்தின் பகுதிதோறும் நந்தலாலும் அவர்தம் மாணவரும் சித்திரம் தீட்டினர். சோழர் காலத்து நடராசர் திருவுருவமும், மாமல்லபுரத்துத் தவக்காட்சியும் அவற்றுள் இடம் பெற்றன. 309ஆம் பிரிவின்கீழ் இயற்றப்பட்ட பணி விதிகளை நாள்தோறும் புரட்டும் நாம், அச்சட்டத்தின் மூல ஏட்டில் தில்லைக் கூத்தன் ஆடிக்கொண்டிருக்கிறான் என்பதை அறிந்திருக்கிறோமா? சட்டத்திற்கும் கலைக்கும் பகையில்லை என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டியதில்லை.

பட்டம் வந்தது, பிறகு?

1951இல் நாடாளுமன்றச் சட்டத்தின்வழி விசுவபாரதி மத்தியப் பல்கலைக்கழகமாயிற்று. நேரு முதல் வேந்தரானார். ஊதியம் ஒழுங்காக வந்தது, கட்டடங்கள் எழுந்தன. அதனோடு பட்டமும் பாடத்திட்டமும் மதிப்பெண்ணும் வந்தன. மரத்தடி வகுப்பின் இயல்பான ஓட்டமும், அரசுப் பல்கலைக்கழகத்தின் விதிமுறைகளும் முழுமையாக இணைய முடியுமா என்ற விவாதம் அன்று தொடங்கியது. இருபுறமும் நியாயம் உண்டு. பட்டமில்லாக் கலைஞன் வேலைக்கு எங்கே போவான் என்பது ஒரு நியாயம். பட்டத்துக்காகவே வருபவன் கலைஞனாவானா என்பது மற்றொரு நியாயம். கலாபவனத்தின் பாணியைப் பின்பற்றியோர் சிலர் நந்தலாலின் கோட்டையே திரும்பத் திரும்பத் தீட்டினர் என்ற குறையும் கூறப்பட்டது. மரபைக் கற்றுத் தன் ஆக்கத்தை மறந்தால் முக்கோணத்தில் ஒரு கால் முறியும் அல்லவா?

வித்து வேறிடத்திலும் முளைத்தது. 1950இல் பரோடாப் பல்கலைக்கழகம் நுண்கலைப் புலம் ஒன்றைத் தொடங்கி, ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் பட்டப்படிப்பு அளித்தது. சாந்திநிகேதனத்தில் பயின்ற சங்கோ சௌத்ரி அங்கே சிற்பம் கற்பித்தார். முன்னர்க் குறித்த கே. ஜி. சுப்பிரமணியனும் அங்குச் சென்றார். கேரளத்தில் தமிழ்க் குடும்பத்தில் 1924இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்து, 1942 போராட்டத்தில் சிறை சென்று, பின் 1944இல் கலாபவனம் சேர்ந்தவர் அவர். பரோடாவில் நடந்த கலைச் சந்தைகளுக்காக ஆசிரியரும் மாணவரும் மரத்தாலும் துணியாலும் பொம்மைகள் செய்து ஊராருக்கு விற்றனர்; அவற்றில் சுப்பிரமணியன் செய்த பொம்மைகள் புகழ் பெற்றன. பல்கலைக்கழகப் பேராசிரியர் பொம்மை செய்வதா என்று கேட்போருக்கு, நம் நவராத்திரிக் கொலு மேடையே விடை சொல்லும். 1980இல் அவர் மீண்டும் சாந்திநிகேதனம் வந்து கற்பித்தார்; 2016இல் மறைந்தார்.

கலாபவனத்தில் 1973 முதல் நந்தலால் பிறந்த நாளையொட்டி ‘நந்தன் மேளா’ நடைபெற்று வருகிறது. மாணவரும் ஆசிரியரும் தம் கைப்பொருள்களை விற்று, வரும் தொகையை மாணவர் நலனுக்கு ஆக்குகின்றனர். 2023 செப்டம்பரில் சாந்திநிகேதனம் உலக மரபுச் சின்னமாக யுனெஸ்கோவால் அறிவிக்கப்பட்டது. மரபுச் சின்னம் ஆவது பெருமையே. ஆயினும் சின்னமாக மட்டும் நின்றுவிடாமல், செயலாகவும் தொடர்வதில்தான் அதன் உயிர் இருக்கிறது.

நாம் கொள்ளத்தக்கது

இவ்வரலாற்றிலிருந்து தெளிவாவன மூன்று. ஒன்று, கலை என்பது படிப்புக்கு இடையூறு அன்று. படிப்பைக் கண்ணுக்கும் கைக்கும் கொண்டு சேர்க்கும் வழி. இரண்டு, அதற்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. சரளைக் கல்லும் தாரும் அஞ்சலட்டையும் போதும், செய்து காட்டும் ஆசிரியர் மட்டும் வேண்டும். மூன்று, எல்லாரும் கலைஞராக வேண்டும் என்பது நோக்கமன்று. கணக்கராகவோ பொறியாளராகவோ மருத்துவராகவோ ஆகப்போகும் பிள்ளைக்கும் பார்க்கத் தெரிய வேண்டும், கேட்கத் தெரிய வேண்டும், பிறன் துயரத்தை வேடம் புனைந்தேனும் உணரத் தெரிய வேண்டும். தாகூரே தம் முதுமையில், 1937இல், அறிவியலை எளிய வங்க உரைநடையில் விளக்கி ஒரு நூல் எழுதி அதனை இயற்பியலறிஞர் சத்தியேந்திரநாத் போசுக்குப் படைத்தார். கவிஞன் அறிவியல் எழுதலாம் என்றால், அறிவியல் மாணவன் பாட்டுப் பாடலாகாதா?

நம் பிள்ளைகளுக்கு மற்றொரு தேவையும் உண்டு. தமிழகத்திற்கு வெளியே வளரும் அவர்கள் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். பலர்க்கு எழுத வருவதில்லை. இலக்கணப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் கசக்கிறது. அதே பிள்ளைகள் சங்க ஆண்டுவிழாவில் கண்ணகியாகவும் கட்டபொம்மனாகவும் மேடையேறும்போது நீண்ட தமிழ் வசனங்களைப் பிழையின்றிப் பேசுவதை ஆண்டுதோறும் காண்கிறோம். 1908இல் சாந்திநிகேதனத்துச் சிறுவர்க்கு நாடகம் செய்த வேலையை இன்று நம் சங்க மேடை நம் பிள்ளைகளுக்குச் செய்கிறது. ஆகவே நாடக ஒத்திகைக்கு வரும் பிள்ளையை நேரம் வீணாகிறது என்று நிறுத்தாதிருப்போம். அது அவர்களுடைய தமிழ் வகுப்பு.

வரும் குளிர்கால விடுமுறையில் ஒரு ஞாயிறன்று, இந்தியா கேட்டுக்கு அருகே செய்ப்பூர் மாளிகையில் உள்ள தேசிய நவீன ஓவியக் கூடத்திற்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். நந்தலாலின் ஓவியச் செல்வம் பெருமளவில் அங்கேதான் இருக்கிறது. வரும் வழியில் யட்சனையும் யட்சியையும் காட்டலாம். அவர்களிடம் பொருள் விளக்க வேண்டுவதில்லை. ஒரு தாளும் எழுதுகோலும் கொடுத்துக் கண்டதை வரையச் சொன்னால் போதும்.